எடை ஏறிய லோட்டஸ்

1962-ல் வெளிவந்த லோட்டஸ் ஈலான் காரில் முகப்பு விளக்குகள் பகலில் பானெட்டுக்குள் படுத்துக் கிடக்கும்; இருட்டியதும் மேலே எழும். அவற்றைத் தூக்க மோட்டார் கிடையாது. ஓடும் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடமே அந்த வேலையைச் செய்தது. சரி, அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்க ஒரு தொட்டி வேண்டாமா? அதற்கும் தனியாக எதையும் பொருத்தவில்லை. சேஸியின் முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம் உள்ளே வெறும் கூடு. அதன் ஓட்டைகளை அடைத்து, அதையே வெற்றிடத் தொட்டியாக்கிவிட்டார்கள். முன்சக்கரங்களைத் தாங்கிய அதே இரும்பு விளக்குகளையும் தாங்கியது. எங்கேயாவது கசிவு ஏற்பட்டால் இரவு நேரத்தில் விளக்குகள் மெல்லச் சரிந்துவிடும் என்ற குறை இருந்தது. அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பாகம் இரண்டு வேலை செய்தால் இரண்டாவது பாகத்தைச் சுமக்க வேண்டாம் என்பது அந்தக் கம்பெனியின் பிடிவாதம்.

அந்த ஈலானின் எடை 650 கிலோவுக்கு முன்பின். நம்மூர் மாருதி 800-ம் ஏறக்குறைய அதே எடைதான். 1996-ல் அதே லோட்டஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த எலீஸ் சுமார் 725 கிலோ. 2021-ல் அறிமுகமான எமிரா 1,405 கிலோ. முதல் 34 ஆண்டுகளில் கூடியது 75 கிலோ. அடுத்த 25 ஆண்டுகளில் கூடியது 680 கிலோ. ஈலான் ஒன்றை முழுதாகத் தூக்கி எலீஸின் முதுகில் ஏற்றினாலும் எமிராவின் எடை வராது.

பழைய காரா, புதிய காரா என்று ரசிகர்கள் மோதிக்கொள்வது பிரிட்டனில் தீராத வழக்கு. பழையதில் உயிர் இருந்தது என்பார் ஒருவர். புதியதில் உயிர் மிஞ்சும் என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது உண்மை. ஆனால் லோட்டஸ் விஷயத்தில் இதைவிடக் கூர்மையாக ஒரு கேள்வி கேட்க முடியும். அந்த 680 கிலோவில் மனித உயிரைக் காக்கச் சட்டம் ஏற்றியது எவ்வளவு? ஷோரூமில் காரை விற்க வேண்டுமே என்று கம்பெனி தானாக ஏற்றிக்கொண்டது எவ்வளவு? முதல் வகை எடைமீது யாருக்கும் கோபம் வரக் கூடாது. இரண்டாவது வகை எடைமீது வரலாம். எனக்கு வருகிறது.

பத்திரிகையாளர் வரைந்த இன்ஜின்

லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பொறியியல் படித்தவர். 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துப் போட்டுத் தன் முதல் பந்தயக் காரைக் கட்டினார். 1952-ல் கம்பெனி பிறந்தது. 'எளிமையாக்கு, பிறகு எடையைக் குறை' என்ற வாசகம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பின்னால் இருப்பது நேரான இயற்பியல். குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் லாபம். எடையைக் குறைத்தால் வேகமெடுக்கவும் லாபம், நிறுத்தவும் லாபம், திருப்பவும் லாபம். லேசான காருக்குச் சின்ன பிரேக் போதும். சின்ன பிரேக் என்றால் அதை மூடும் சக்கரமும் சின்னதாக இருக்கலாம். சக்கரம் சிறுத்தால் ஸ்பிரிங்கும் அதைப் பிடித்திருக்கும் கைகளும் மெலியலாம். இப்படிக் குறையக் குறைய மேலும் குறைந்துகொண்டே போகும். எதிர்த்திசையிலும் இந்தக் கணக்கு இதே வேகத்தில் ஓடும் என்பதுதான் பிற்காலத்து லோட்டஸின் சோகம்.

ஈலானுக்கு முன்பு சாப்மன் கட்டிய எலீட் என்ற கார் பார்ப்பவர்களைச் சொக்க வைத்தது. கம்பெனியின் கல்லாவைக் காலி செய்தது. சேஸியே இல்லாமல் உடல் முழுவதையும் ஃபைபர் கிளாஸில் வார்த்த கார் அது. ஏறக்குறைய ஆயிரம் கார்கள் விற்றன, ஒவ்வொன்றிலும் நஷ்டம். அடுத்த கார் சம்பாதித்தே தீர வேண்டும். பொறுப்பு வடிவமைப்பாளர் ரான் ஹிக்மன் கைக்கு வந்தது. காரின் நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஓர் எஃகுப் பெட்டி. அதன் இரு முனையும் கவையாகப் பிரிந்து சக்கரங்களைத் தாங்கும். உடல் ஃபைபர் கிளாஸ். அந்த முதுகெலும்பு முதலில் சஸ்பென்ஷனைச் சோதிப்பதற்காகத் தற்காலிகமாகச் செய்யப்பட்டது, அது நன்றாக வேலை செய்யவே அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். (இதே ஹிக்மன்தான் வீட்டில் அலமாரி செய்யும்போது நல்ல நாற்காலி ஒன்றை ரம்பத்தால் அறுத்துவிட்டு, அந்த வருத்தத்தில் மரவேலைக்கான மடக்கு மேசை ஒன்றைக் கண்டுபிடித்தார். பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி அதை 'வொர்க்மேட்' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றது. ஈலானைவிட அந்த மேசைதான் அவருக்குச் செல்வம் சேர்த்தது.)

இன்ஜின் கதை இன்னும் சுவையானது. அடிப்பகுதி ஃபோர்டு குடும்பக் கார்களில் வந்த சாதாரண இன்ஜின். அதன்மேல் இரட்டைக் கேம் ஷாஃப்ட் கொண்ட அலுமினியத் தலைப்பகுதி ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தவர் ஹாரி மண்டி. அவர் அப்போது 'தி ஆட்டோகார்' பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர். காரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் வரைந்த இன்ஜின், 1,558 சிசியில் 105 குதிரைத்திறன் கொடுத்தது. முன்சக்கரப் பாகங்கள் டிரையம்ஃப் கம்பெனியின் மலிவான கார்களில் இருந்து வந்தன. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், நான்குக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். 1962-ல் இவ்வளவும் சேர்ந்து இந்த எடையில் கிடைத்தது பெரிய விஷயம்.

அது பணக்காரர்களின் கார் மட்டுமாகவும் இருக்கவில்லை. பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால்தான் கொள்முதல் வரி; உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் ஏராளமான ஈலான்கள் பெட்டிகளில் வந்து, வீட்டுக் கொட்டகைகளில் ஸ்பேனர் பிடித்த கைகளால் முழுமை அடைந்தன. 1973-ல் வாட் வரி வந்து அந்த வழியை அடைத்தது. தொலைக்காட்சியில் 'தி அவெஞ்சர்ஸ்' தொடரின் எம்மா பீலாக டயானா ரிக் ஓட்டியதும் இதே ஈலான்தான்.

ஓட்டுவதற்கு அது எப்படி இருந்தது என்பதற்கு டயரில் இருந்தே விடை சொல்லலாம். அகலம் 145 மில்லிமீட்டர். பவர் ஸ்டீயரிங் இல்லை, தேவையும் இல்லை. வளைவுக்குள் நுழையும்போது ஸ்டீயரிங் கையில் கனக்கும். டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது அந்தக் கனம் லேசாகத் தளரும். வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்பே தளரும். விரல்கள் அதைப் படித்துவிட்டால் ஓட்டுபவருக்குப் பயம் வராது, அவசரமும் வராது. மெக்லாரன் எஃப்1 என்ற மகத்தான காரைப் படைத்த கார்டன் மர்ரேவே, ஈலானின் ஸ்டீயரிங் உணர்வைத் தன் காருக்குக் கொண்டுவர முடியவில்லை என்று வருந்தியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே முதுகை உடைக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஈலான் அப்படி இல்லை. சேஸி விறைப்பாக இருந்ததால் ஸ்பிரிங்குகளை மிருதுவாக வைக்க முடிந்தது. 1966-ல் லோட்டஸ் குடிபோன ஹெத்தல், நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட தளம் அது; பழைய ஓடுபாதைகளையே சோதனைத் தடமாக்கிக்கொண்டார்கள். வேலியைத் தாண்டினால் மேடும் பள்ளமுமான குறுகிய கிராமத்துச் சாலைகள். மிருதுவாகத் துள்ளி, உடனே அடங்கும் அந்த நடை இன்றுவரை லோட்டஸை அடையாளம் காட்டுகிறது.

குறைகளும் இருந்தன. பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுசென்ற தண்டுகளில் தடித்த ரப்பர் வளையங்களை இணைப்பாக வைத்திருந்தார்கள். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபட்டு, காரை முன்னும் பின்னும் உலுக்கும். சேஸி துருப்பிடித்தது. மின்சார இணைப்புகள் மக்கர் செய்தன. ஒரு லாரி பக்கவாட்டில் மோதினால் உள்ளே இருப்பவருக்கும் லாரிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் ஃபைபர் கிளாஸ் மட்டுமே.

ஜப்பான் படித்த பாடம்

1970-களில் சாப்மன் விலை உயர்ந்த கார்களின் பக்கம் போனார். 1982 டிசம்பரில் 54 வயதில் மாரடைப்பால் இறந்தார். 1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ் லோட்டஸை வாங்கியது. 1989-ல் ஈலான் என்ற பெயர் மீண்டும் வந்தது. பெயர் மட்டும்தான். இன்ஜின் ஜப்பானின் இசூஸு கொடுத்தது. சக்தி போனது முன்சக்கரங்களுக்கு. எடை ஆயிரம் கிலோவைத் தாண்டியது. பொறியியலாகப் பார்த்தால் அபாரமான வேலை. ஈரமான வளைவில் அதை முந்த அன்றைக்கு அதிகம் பேரால் முடியாது. ஆனாலும் விற்கவில்லை.

ஏன் விற்கவில்லை என்பதற்கான பதில் அதே ஆண்டு சிகாகோ கார் கண்காட்சியில் மேடை ஏறியது. மஸ்தா, பழைய ஈலானை வாங்கி வைத்துப் படித்து, முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், இரண்டே இருக்கை என்று எம்எக்ஸ்-5 காரைச் செய்தது. ஈலானின் சுபாவத்தோடு, அதில் என்றுமே இல்லாத நம்பகத்தன்மையும் சேர்ந்தது. உலகம் அதை அள்ளிக்கொண்டது. இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இன்றும் அதுதான். லோட்டஸோ புதிய ஈலானை 1992-ல் நிறுத்தியது. பின்னர் அதன் உரிமை கொரியாவின் கியாவுக்குப் போனது. தன்னிடம் இருந்த பொக்கிஷத்தின் மதிப்பை அடுத்த வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்ட நிலைமை.

பசையால் ஒட்டிய அதிசயம்

1993-ல் லோட்டஸ் கை மாறியது. அப்போது புகாட்டியை நடத்திக்கொண்டிருந்த இத்தாலியர் ரொமானோ ஆர்ட்டியோலி வாங்கினார். பணம் அதிகம் இல்லை. பணம் இல்லாததுதான் நல்லதாகப் போனது என்று நினைக்கிறேன். சேஸிப் பொறியாளர் ரிச்சர்ட் ராக்ஹமும் வடிவமைப்பாளர் ஜூலியன் தாம்சனும் சாப்மனின் பழைய லோட்டஸ் செவன் காரின் புதிய வாரிசாக ஒரு சின்ன காரை உருவாக்கத் தொடங்கினார்கள். 1995 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் திரை விலகியபோது அதற்கு ஆர்ட்டியோலியின் பேத்தி எலிசாவின் பெயர் சூட்டப்பட்டிருந்தது.

எலீஸின் சேஸியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காரின் மேதைமை அங்கேதான் இருக்கிறது. முறுக்கு அச்சில் மாவைப் பிழிவது போல, சூடாக்கிய அலுமினியத்தை அச்சின் வழியே அழுத்திப் பிழிகிறார்கள். உள்ளே தடுப்புகள் கொண்ட நீளமான குழல்கள் வருகின்றன. அவற்றை அளவாக வெட்டி ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். வெல்டிங் வைத்தால் சூட்டில் அலுமினியத்தின் பலம் குறையும், கோணமும் மாறும். அதை ஈடுகட்டக் குழலின் சுவரைத் தடிமனாக்க வேண்டும், எடை கூடும். எனவே வெல்டிங்கை விட்டுவிட்டு எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்கினார்கள். பசை இழுவையைத் தாங்கும், உரிவதைத் தாங்காது. ஆகவே மூலைகளில் மட்டும் சில திருகாணிகள். இப்படி உருவான முழு சேஸியின் எடை 68 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம்.

அந்த அலுமினியத்தை எலீஸ் மறைக்கவும் இல்லை. கதவைத் திறந்தால் தரைவிரிப்பு இல்லை, வெள்ளிநிற உலோகம் அப்படியே தெரியும். காலடியில் இருக்கும் பெடல்களும் பிழிந்த அலுமினியம். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தக்க வேலைப்பாடு. முதல் கார்களில் பிரேக் டிஸ்க்கூட இரும்பு இல்லை. சிலிக்கன் கார்பைடு துகள் கலந்த அலுமினியம். (பிற்பாடு இரும்புக்கே திரும்ப வேண்டியதாயிற்று.) முதுகுக்குப் பின்னால் ரோவர் கம்பெனியின் 1.8 லிட்டர் இன்ஜின். 118 குதிரைத்திறன் என்பது இன்றைக்கு ஒரு குடும்பக் காரின் சக்தி. ஆனால் இழுக்க வேண்டிய எடை அவ்வளவு குறைவு என்பதால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைச் சுமார் ஆறே வினாடியில் தொட்டது. முன் டயர் 185 மில்லிமீட்டர். பவர் ஸ்டீயரிங் இல்லை. ஏபிஎஸ் இல்லை. ஏர்பேக் இல்லை.

உள்ளே ஏறுவது ஒரு பயிற்சி. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே அந்தச் சேஸிக் குழல் உயரமாகப் படுத்திருக்கும். ஒரு காலை உள்ளே விட்டு, உடம்பைச் சரித்து, மறு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். கூரைத் துணியைப் பூட்டுவதற்குள் மழை வேலையை முடித்துவிடும். ரோவர் இன்ஜினில் குளிர்நீர் குறைவு. இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். சூடேறும் முன்பே விரட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும் என்பது எலீஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வலி. இத்தனை இருந்தும் கம்பெனி எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆர்டர் குவிந்தது. மூழ்கிக்கொண்டிருந்த லோட்டஸைத் தூக்கி நிறுத்திய கார் இது. 1996-ல் மலேசியாவின் புரோட்டான் லோட்டஸை வாங்கிக்கொண்டது.

என் கணிப்பில் லோட்டஸின் உச்சம் இந்த முதல் தலைமுறை எலீஸ்தான். ஈலான் அன்றைக்குக் கிடைத்த பாகங்களைப் புத்திசாலித்தனமாகச் சேர்த்த கார். எலீஸ், எடை குறைவதற்காகவே ஒரு புதிய உற்பத்தி முறையைக் கண்டெடுத்த கார். சாப்மன் இறந்து 13 ஆண்டு கழித்து, அவரிடம் நேரடியாகக் கணக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதவர்கள் அவரைவிடத் தீவிரமாக அவர் வழியில் நடந்தார்கள்.

கிலோ கிலோவாக

2000-ல் ஐரோப்பாவின் புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் முதல் எலீஸின் வாழ்வை முடித்தன. வாரிசைத் தயாரிக்க லோட்டஸிடம் பணம் போதவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஓப்பல் கம்பெனி தனக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று வந்து செலவைப் பங்கிட்டது. அதே ஒட்டுச் சேஸியை மாற்றியமைத்து, இரண்டு காரையும் ஹெத்தலிலேயே கட்டினார்கள். ஏறி இறங்க வசதியாகப் பக்கவாட்டுக் குழல் தாழ்ந்தது. அது நல்ல மாற்றம். 2004 வாக்கில் டொயோட்டா இன்ஜின் வந்தது. ஹெட் கேஸ்கெட் கவலை தீர்ந்தது. அமெரிக்கச் சந்தை திறந்தது, அதற்காக ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் ஏறின. எடை 860 கிலோ ஆனது. 2021-ல் கடைசியாக வந்த ஸ்போர்ட் 240 ஃபைனல் எடிஷன் 922 கிலோ. கால் நூற்றாண்டில் சுமார் 200 கிலோ கூடியிருக்கிறது. இதில் பெரும்பகுதி நியாயமான எடை: பிழைத்து வீடு திரும்புவதற்கான எடை, மழையில் நனையாமல் இருப்பதற்கான எடை, நடுவழியில் நிற்காமல் இருப்பதற்கான எடை.

இதற்கு நடுவே எலீஸ் இன்னொரு புரட்சிக்கும் தோள் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் புதிதாய் முளைத்த டெஸ்லா, தன் முதல் காருக்கு எலீஸின் கட்டமைப்பையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. 2008-ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரின் உடல் ஹெத்தலில்தான் கட்டப்பட்டது. பேட்டரி மட்டும் சுமார் 450 கிலோ. அப்படியும் முழுக் காரின் எடை சுமார் 1,300 கிலோதான். பெட்ரோலில் ஓடும் இன்றைய எமிராவைவிட அது லேசு.

எமிராவின் பெருமையும் பாரமும்

2017-ல் சீனாவின் ஜீலி குழுமம் லோட்டஸின் 51 சதவீதப் பங்கை வாங்கியது. பல ஆண்டுப் பட்டினிக்குப் பிறகு ஹெத்தலில் பணம் பாய்ந்தது. புதிய தொழிற்கூடம் எழுந்தது. அதன் பலன் எமிரா. 2021-ல் எலீஸ், எக்ஸீஜ், எவோரா என்ற மூன்று லோட்டஸ் கார்களும் ஒரே நேரத்தில் விடைபெற, மூன்றின் இடத்துக்கும் இது ஒன்றே வந்தது.

எமிராவைக் குறை சொல்வதற்கு முன் அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் மின்சார பவர் ஸ்டீயரிங்குக்கு மாறிவிட்ட காலத்தில், சாலையின் சேதி கைக்கு வர வேண்டும் என்பதற்காக லோட்டஸ் இதில் ஹைட்ராலிக் முறையை விடாமல் வைத்திருக்கிறது. சேஸி இப்போதும் பிழிந்த அலுமினியம், இப்போதும் பசை. டொயோட்டாவின் 3.5 லிட்டர் வி6 இன்ஜினைக் கையால் மாற்றும் கியரோடு வாங்கலாம். கியர் தண்டின் அடியில் இருக்கும் இணைப்புகள் திறந்தே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். மெர்சிடீஸ் ஏஎம்ஜி கொடுக்கும் 2 லிட்டர் டர்போ இன்னொரு தேர்வு. ஏறி உட்காரலாம், சாய்ந்துகொள்ளலாம், 500 கிலோமீட்டர் போய் இறங்கலாம், முதுகு வலிக்காது. நார்ஃபோக் சாலைகள் பழக்கிய அந்த மிருதுவான நடை இதிலும் இருக்கிறது. லோட்டஸ் இதுவரை செய்த கார்களில் தினமும் ஓட்டத் தகுந்த முதல் கார் இது என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் சக்கரத்தைப் பாருங்கள். 20 அங்குலம். முன் டயர் 245 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 295. ஈலானின் முன் டயர் இரண்டை அருகருகே வைத்தால் எமிராவின் ஒரு பின் டயருக்குத்தான் ஏறக்குறையச் சரியாக வரும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் 12.3 அங்குலத் திரை, நடுவில் 10.25 அங்குலத் தொடுதிரை, கப் வைக்க இடம், உயர்ரக ஸ்பீக்கர்கள். இவற்றில் எதையும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அகலச் சக்கரம் அகல உடலைக் கேட்டது; அகல உடல் பெரிய இன்ஜினைக் கேட்டது; பெரிய இன்ஜின் பெரிய பிரேக்கைக் கேட்டது. சாப்மனின் கணக்கு தலைகீழாக ஓடியது.

'இன்றைய விதிகளுக்கு உட்பட்டு லேசான கார் செய்யவே முடியாது' என்று ஒரு வாதம் உண்டு. அதற்கான மறுப்பு பிரான்சில் இருக்கிறது. ரெனோ குழுமத்தின் ஆல்பைன் கம்பெனி 2017-ல் கொண்டுவந்த ஏ110, எமிராவைப் போலவே நடுவில் இன்ஜின் கொண்ட இரண்டு இருக்கைக் கார். ஐரோப்பாவின் அதே சாலைகள், அதே விதிகள். எடை சுமார் 1,100 கிலோ. 1.8 லிட்டர் டர்போ இன்ஜின், 252 குதிரைத்திறன், அதுவே தாராளமாகப் போதுகிறது. மஸ்தாவின் இன்றைய எம்எக்ஸ்-5, 2015-ல் ஜப்பானில் அறிமுகமானபோது அதன் எளிய மாடல் 990 கிலோ. ஆக, சட்டம் சுமத்திய எடையோடு கார் ஏறத்தாழ 1,000-ல் இருந்து 1,100 கிலோவில் நிற்க முடியும். எமிராவில் அதற்கு மேல் இருக்கும் 300 கிலோ, ஷோரூம் ஏற்றிய எடை. போர்ஷேவோடு போட்டியிட வேண்டும், அதற்குச் சொகுசு வேண்டும், சொகுசுக்கு எடை வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் போர்ஷே செய்யும் காரை போர்ஷேவைவிட நன்றாக யாரால் செய்ய முடியும்? எலீஸ் செய்த வேலையைச் செய்யத்தான் வேறு ஆள் இல்லாமல் இருந்தது.

வருத்தம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜனவரியில் இதே ஆல்பைனும் லோட்டஸும் சேர்ந்து ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்குவதாகக் கைகோத்தன. எடையின் அருமை தெரிந்த இரண்டு வீடுகள். அந்த உறவு நீடிக்கவில்லை. லோட்டஸ் பெயரில் இன்று சீனாவின் வூஹான் நகரில் உருவாகும் எலெட்ரா என்ற மின்சார எஸ்யூவி சுமார் 2,500 கிலோ. 2023-ல் லோட்டஸ் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே முதலில் இறக்கியதும் அதைத்தான். தொடக்க விலை 2.55 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டில் பிரிட்டன் ஆலைகளில் 550 பேர் வரை வேலை இழக்கக்கூடும் என்று கம்பெனி அறிவித்தது. ஹெத்தலைச் சுற்றி வாழும் குடும்பங்களில் தாத்தா ஈலானிலும் பேரன் எமிராவிலும் வேலை பார்த்த வீடுகள் இருக்கக்கூடும். எடையைப் பற்றிய பேச்சு அவர்களுக்கு வெறும் ரசனைப் பேச்சு இல்லை.

வாங்குபவருக்கு ஒரு வார்த்தை

தலைமுறைகளை ஒப்பிடுபவர்கள் ஒன்றை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்: பழுது. ஈலானின் உடல் சேஸியோடு போல்ட்டுகளால் பிணைந்தது. போல்ட்டுகளைக் கழற்றி உடலைத் தூக்கிவிட்டால் கீழே இருக்கும் முதுகெலும்பு முழுவதையும் மாற்றிவிடலாம். துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய மாற்றுச் சேஸியை லோட்டஸே பிற்காலத்தில் விற்றது. அதனால் அறுபது வயதான ஈலான் ஒன்று புத்தம்புதிய எலும்போடு சாலையில் ஓடலாம். எலீஸுக்கு அந்த வரம் இல்லை. பசையால் ஒட்டிய அலுமினியம் மோதலில் வளைந்துவிட்டால் அதை நிமிர்த்திச் சரிசெய்ய முடியாது. முழுச் சேஸியையும் மாற்ற வேண்டும். பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் காரையே கழித்துக் கட்டிவிடும். பழைய எலீஸ் வாங்குபவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதைவிட, காரை மேலே தூக்கிச் சேஸிக் குழல்களில் நெளிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ஹெட் கேஸ்கெட் போனால் மாற்றிக்கொள்ளலாம். குழல் வளைந்தால் கதை முடிந்தது.

நெடுந்தூரம் போக ஒரே ஒரு கார், அது லோட்டஸாக இருக்க வேண்டும் என்பவருக்கு எமிரா. வார இறுதியில் ஒரு மணி நேரம் விரல்களால் சாலையைப் படிக்க வேண்டும் என்பவருக்கு முதல் தலைமுறை எலீஸ். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஈலான்.

பழைய வழியில் புதிய கார்தான் வேண்டும் என்பவர் லோட்டஸ் ஷோரூமுக்குப் போகத் தேவையில்லை. 1973-ல் சாப்மன் தன் செவன் காரின் உரிமையைத் தன் முகவர்களில் ஒருவரான கேட்டர்ஹாம் கம்பெனிக்கு விற்றார். அவர்கள் அதை இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதன் மிகச் சிறிய மாடலான 170-ல் இருப்பது சுஸுகியின் 660 சிசி டர்போ இன்ஜின். கதவு கிடையாது, ஏர்பேக் கிடையாது. குறைந்த எண்ணிக்கையில் உருவாகும் கார்களுக்கான தனி விதிகளின் கீழ்தான் அதை விற்க முடிகிறது. எல்லோருக்குமான கார் என்று அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் எடை சுமார் 440 கிலோ, முன் டயர் 155 மில்லிமீட்டர்.